ஃபிக்ஸட் பிரைஸா, டி அண்ட் எம்மா, எஸ்எல்ஏவா? விலைக்கு முன்னால் மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

சென்னையிலோ கோவையிலோ நூறு, இருநூறு பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பெரிய வேலை தர முன்வந்தால், அடுத்த கேள்வி ஒப்பந்தம் எந்த வகை என்பதுதான். மொத்த வேலைக்கும் ஒரே தொகை பேசிக்கொள்வது ஃபிக்ஸட் பிரைஸ். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்து பில் போடுவது டைம் அண்ட் மெட்டீரியல், சுருக்கமாக டி அண்ட் எம். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை நம் பொறுப்பில் வாங்கிக்கொண்டு, இன்ன பிரச்சினையை இத்தனை மணி நேரத்துக்குள் தீர்ப்போம் என்று எஸ்எல்ஏ எழுதிக் கொடுத்து, மாதாமாதம் கட்டணம் வாங்குவது மேனேஜ்டு சர்வீஸ்.

எதை எடுப்பது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் எக்செல் ஷீட்டைத் திறக்கிறார்கள். லாபம் எவ்வளவு, ரிஸ்க் யார் தலையில். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் வேலையைச் செய்து முடித்துக் கொடுக்கும் டெலிவரி பக்கத்திலிருந்து இந்தப் பேரங்களில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு. கையெழுத்தான பிறகு வாராவாரம் யார் யாரோடு பேசப் போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் இப்போது பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஒப்பந்த வகையும் அந்த மனிதர்களை ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ள வைக்கும். ஒப்பிட வேண்டியது முக்கியமாக அதைத்தான்.

மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

வாடிக்கையாளர் என்று ஒருமையில் சொல்கிறோம். அங்கே இருப்பது நான்கைந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. பிசினஸ் தலைவருக்கு சிஸ்டம் சீக்கிரம் வேண்டும். ஐடி தலைவருக்கு நாளை ஏதாவது உடைந்தால் தன் பெயர் கெடும் என்ற பயம். வக்கீலுக்கு நஷ்ட ஈட்டு வரம்பு. விலை பேசி வாங்கும் புரொக்யூர்மென்ட் அதிகாரிக்கு, முதலில் கேட்ட விலையிலிருந்து எவ்வளவு குறைத்தார் என்பதுதான் மதிப்பெண். கையெழுத்து ஆனதும் அவர் அடுத்த டெண்டருக்குப் போய்விடுவார். கடைசி வாரம் முழுக்க நம்மோடு மல்லுக்கட்டியவரை அதற்குப் பிறகு நாம் பார்க்கவே மாட்டோம். மேசைக்கே வராத இன்னொரு கூட்டமும் உண்டு: இதுவரை அந்த வேலையைச் செய்துவந்த அவர்களுடைய ஊழியர்கள்.

நம் பக்கமும் இதே கதைதான். சேல்ஸ் தலைவருக்கு இந்தக் குவார்ட்டர் முடிவதற்குள் டீல் முடிய வேண்டும். ஃபைனான்ஸுக்கு பெஞ்சில் சும்மா இருப்பவர்கள் பில்லிங்கில் ஏற வேண்டும். அடுத்த இரண்டு வருடம் இதோடு குடும்பம் நடத்தப்போகிற டெலிவரி மேனேஜரை, எல்லாம் பேசி முடித்துவிட்டு, "ஒரு தடவை பார்த்துட்டு ஓகே சொல்லிடுங்க" என்று கடைசி இரண்டு நாளில் கூப்பிடுகிறார்கள்.

பல கம்பெனிகளில் நடப்பதைப் பாருங்கள். இரவு எட்டரை மணிக்கு வாடிக்கையாளரோடு ஒரு போன் கால். கிறிஸ்துமஸுக்கு முன்னால் லைவ் போக முடியுமா என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள். சேல்ஸ் தலைவர் "கண்டிப்பாக" என்கிறார். பழைய டேட்டாவைத் திறந்து பார்த்தவள் அதே காலில் இருக்கும் இளம் டெவலப்பர் ஒருத்தி. ஒரே கஸ்டமர் நான்கு ஐடி எண்களில் இருக்கிறார், பாதிப் பேருக்கு முகவரியே இல்லை, அதைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் மைக்ரேஷனுக்கே மூன்று மாதம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். டீம் லீடுக்கு சாட்டில் எழுதுகிறாள். "கால் முடியட்டும், சார்கிட்ட தனியா பேசிக்கலாம்" என்று பதில் வருகிறது. பெரியவர் ஒருவர் வெளியாள் முன்னால் வாக்குக் கொடுத்த பிறகு அதை மறுத்துப் பேசுவது நம் பழக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்திலோ, யாரும் ஆட்சேபிக்காததால் எல்லாருக்கும் சம்மதம் என்று மினிட்ஸில் எழுதிக்கொள்கிறார்கள். மரியாதைக்காக இருந்த மௌனம் ஒப்பந்தத் தேதியாகிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. 2000-இல் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை சிஸ்டத்தை மாற்றும் வேலையை இடிஎஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. மதிப்பு ஏறக்குறைய 4.8 கோடி பவுண்ட். வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பிஸ்கைபி தானே எடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று, செலவும் பல மடங்கானது. வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், 2010 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எவ்வளவு காலத்தில் முடிக்கலாம் என்று முறையாக ஆராய்ந்து சொல்கிறோம் என இடிஎஸ் தரப்பில் டீலுக்கு முன்பு சொன்னது தெரிந்தே சொன்ன பொய் என்று நீதிபதி முடிவு செய்தார். ஒப்பந்தத்தில் நஷ்ட ஈட்டுக்கு 3 கோடி பவுண்ட் வரம்பு இருந்தது. மோசடி என்று ஆனதும் அந்த வரம்பு காப்பாற்றவில்லை. அதற்குள் இடிஎஸ்ஸை வாங்கியிருந்த எச்பி, அதே வருடம் 31.8 கோடி பவுண்டுக்குச் சமரசம் செய்துகொண்டது. கெட்டுப்போன சாஃப்ட்வேரைவிட, பேச்சுவார்த்தையின்போது சொன்ன ஒரு காலக்கெடுதான் அங்கே விலை வாங்கியது.

எனவே எந்த வகை ஒப்பந்தமாக இருந்தாலும், தேதி, மாதம், ஆள் எண்ணிக்கை பற்றிய கேள்விக்கு காலில் பதில் சொல்லும் உரிமை டெலிவரி மேனேஜருக்கு மட்டும் என்று முதலிலேயே உள்ளுக்குள் பேசிவைத்துவிடுங்கள். "நாளைக்கு எழுதித் தருகிறோம்" என்று சொன்னால் எந்த வாடிக்கையாளரும் ஓடிப்போவதில்லை.

ஃபிக்ஸட் பிரைஸ்: எல்லாருக்கும் முதலில் பிடிக்கும்

வாடிக்கையாளரின் ஃபைனான்ஸுக்கு இது நிம்மதி. போர்டு மீட்டிங்கில் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். நம் சேல்ஸுக்கும் பிடிக்கும். வேகமாக முடித்தால் மிச்சம் முழுக்க நமக்கு என்ற ஆசை.

ஆனால் கையெழுத்தான மறுநாளே இரண்டு பக்கத்துக்கும் நலன் எதிரெதிராகத் திரும்பிவிடுகிறது. ஒரே விலைக்குள் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று அவர்கள், எவ்வளவு வேலையை வெளியே தள்ளலாம் என்று நாம். என்னென்ன வேலை என்று பட்டியலிடும் எஸ்ஓடபிள்யூவில் "ரிப்போர்ட்டுகள்" என்று ஒரு வார்த்தை இருக்கும். பேசும்போது நம் மனதில் ஏழெட்டு ரிப்போர்ட், அவர்கள் மனதில் பழைய சிஸ்டத்தில் இருந்த அத்தனையும். யாரும் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவாகக் கேட்டிருக்கக்கூடிய ஆட்கள் பேச்சுவார்த்தையில் இல்லை, அவ்வளவுதான். அதன்பின் ஒவ்வொன்றும் சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது ஒப்பந்தத்தில் இல்லாத மாற்றம். முதல் இரண்டை உறவு கெடக்கூடாது என்று இலவசமாகச் செய்கிறோம். மூன்றாவதற்குக் காசு கேட்டால், "இதுவரை செய்தீர்களே" என்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவும் நமக்கே தோன்றும். டெவலப்பர்களுக்கு உள்ளே ஒரு கட்டளை போகிறது: டாக்குமென்டில் இல்லாத எதையும் கிளையன்ட்டிடம் பேசாதே. நல்ல யோசனை இருந்தாலும் சொல்லமாட்டார்கள், சொன்னால் நம் செலவில் செய்யச் சொல்வார்கள் என்ற பயம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையின் சம்பளக் கணக்கு சிஸ்டம் இதற்கு நல்ல பாடம். 2007 கடைசியில் ஐபிஎம் வேலையை எடுத்தது. இடைக்காலச் சம்பள சிஸ்டத்துக்கு முதலில் பேசிய தொகை 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 2008 நடுவில் ஓட வேண்டியது, 2010 மார்ச்சில்தான் ஓடியது. ஓடிய முதல் நாளிலிருந்து நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் சம்பளம் குறைந்தும் கூடியும், சிலருக்கு வராமலும் போனது. 2013-இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, எல்லாவற்றையும் சரிசெய்து நடத்தும் மொத்தச் செலவை 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது.

அந்த விவகாரத்தில் என்னைப் பாதிப்பது தொகைகூட இல்லை. பழைய சிஸ்டம் எந்த நேரமும் விழுந்துவிடும் என்ற பயம் அரசுத் தரப்பில் இருந்தது. என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்ய யாருக்கும் நேரமில்லை. பயத்தில் இருப்பவர் பேரம் பேசுவதில்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். பிரச்சினை முற்றிய பிறகும் ஐபிஎம் பாதியில் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்திலேயே 2010-இல் சமரசத்துக்குப் போனார்கள். பின்னால் நீதிமன்றம் போனபோது அந்தச் சமரசமே அவர்கள் வழியை மறித்தது. அவசரத்தில் இருக்கும் வாடிக்கையாளரோடு ஃபிக்ஸட் பிரைஸ் போடுவது நமக்கு லாபம் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அவசரத்தில் எழுதாமல் விட்டது எல்லாம் பிறகு சண்டையாகத் திரும்பி வரும். கெடுவது நம் பெயரும்தான்.

ஃபிக்ஸட் பிரைஸ் நன்றாக ஓடும் இடங்கள் உண்டு. வேலை சின்னது, மூன்று மாதத்துக்குள் முடியும், இதே மாதிரி நாம் முன்பே செய்திருக்கிறோம், வாடிக்கையாளர் ஏற்கும் முன் செய்து பார்க்கும் சோதனையான யூஏடியில் எது பாஸ், எது ஃபெயில் என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ள முடிகிறது, சைன்-ஆஃப் போடப்போகிறவரின் பெயர் தெரியும். இவ்வளவும் இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

டி அண்ட் எம்: நெருக்கம் அதிகம், உரசலும் அதிகம்

இதில் நடக்கும் நல்ல விஷயம், டெவலப்பர் வாய் திறக்கிறான். "இந்த ஸ்க்ரீன் தேவையே இல்லை, வேறு வழியில் செய்யலாம்" என்று சொன்னால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. தினமும் ஸ்டாண்ட்-அப்பில் ஒரே முகங்கள். ஆறு மாதத்தில் அவர்கள் வீட்டு நாயின் பெயர் நமக்குத் தெரியும், பொங்கல் லீவு எத்தனை நாள் என்று அவர்களுக்குத் தெரியும். பிரச்சினை வந்தால் மெயிலில் நான்கு பேரை சிசியில் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுத முடியாத பாதுகாப்பு இது.

இதற்கு விலையும் உண்டு. முதலாவது, பேரம் முழுக்க ஒரு ஆளுக்கு மணிக்கு எவ்வளவு என்ற ரேட் கார்டில் போய் நிற்கும். புரொக்யூர்மென்ட் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டாலர் குறைக்கச் சொல்வார். நாம் ஒத்துக்கொண்டுவிட்டு, எட்டு வருட அனுபவக்காரரை எடுத்துவிட்டு இரண்டு வருடக்காரரை உள்ளே வைப்போம். வேலை செய்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். ரேட்டைக் குறைத்த புரொக்யூர்மென்டுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பக்க டீம் நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்கத் தொடங்கினால், பிறகு டைம்ஷீட்டில் அரை மணி நேரத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ரேட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் டீமின் அமைப்பு எப்படி மாறும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "இந்த ரேட்டுக்கு இரண்டு சீனியர், நான்கு ஜூனியர்தான்" என்றால் பாதி நேரம் அவர்களே பழைய ரேட்டுக்குத் திரும்புவார்கள்.

இரண்டாவது, நேரம். நியூயார்க்குக்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அவர்கள் காலை ஒன்பதுக்கு உட்காரும்போது இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. யாருடைய இரவு போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் எப்போதும் நம்முடையதுதான் போகும். குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் காலில் இருக்கும் ஆட்கள் ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிடுவார்கள். ஆள் மாறினால் டி அண்ட் எம்மின் முக்கியமான பலமான அந்த நெருக்கம் போய்விடும். பொதுவான நேரம் இரண்டு மணி, வாரத்தில் ஒருநாள் அவர்கள் சீக்கிரம் வருவார்கள் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். வாடிக்கையாளர் பக்கத்தில் முடிவெடுக்கிற ஒரு ஆள் தினமும் கிடைக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நம் ஆட்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நான்காவது மாதம் பில்லைப் பார்த்து அவர்கள் ஃபைனான்ஸ் அதிர்ச்சி அடையும். பழி நம்மீது விழும். அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடியாத வாடிக்கையாளரோடு டி அண்ட் எம் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மேனேஜ்டு சர்வீஸ்: சிஸ்டத்தோடு ஒரு சோகத்தையும் வாங்குகிறோம்

மாதாமாதம் நிச்சயமான வருமானம் என்பதால் நடுத்தரக் கம்பெனி முதலாளிகளுக்கு இதன்மேல் ஒரு ஏக்கம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. முப்பதாம் தேதி சம்பளம் போட வேண்டியவருக்குத்தான் அந்த நிம்மதியின் அருமை தெரியும்.

ஆனால் பழைய ஆள் புதிய ஆளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) நடக்கும் அறையை யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருடமாக அந்த சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டவர், தன் வேலையை வாங்கிக்கொள்ள வந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டாக்குமென்டில் இருப்பதைச் சொல்வார். இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்? மாதக் கடைசியில் ஒரு ஜாப் தடுமாறும், அப்போது கையால் ஒரு ஃபைலை நகர்த்த வேண்டும் என்பது அவர் தலையில் மட்டும் இருக்கும். பிரிட்டனில் தொழிலாளர் மாற்றுச் சட்டம் இருப்பதால் இப்படிப்பட்ட பல கைமாற்றங்களில் ஊழியர்களும் பழைய பணி நிபந்தனைகளோடு புதிய கம்பெனிக்கு மாறுவார்கள். அமெரிக்காவில் அப்படிப் பொதுவான பாதுகாப்பு இல்லை. எனவே அங்குள்ள வாடிக்கையாளரோடு பேசும்போது, கேடி முடியும் வரை இருக்கிறவர்களுக்கு அவர்கள் செலவில் ஊக்கத்தொகை தருவார்களா என்று பேச்சுவார்த்தையிலேயே கேட்க வேண்டும். அந்த மனிதரை மதிப்போடு அனுப்பிவைக்கிற வாடிக்கையாளரின் சிஸ்டம்தான் நம் கையில் ஒழுங்காக ஓடும்.

எஸ்எல்ஏவுக்கும் தனிக் குணம் உண்டு. அளக்கப்படுவதைத்தான் ஆட்கள் கவனிப்பார்கள். நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றால், மூன்றே முக்கால் மணி நேரம் ஆனதும் டிக்கெட்டை, அதாவது பதிவான புகாரை, "யூசர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று மாற்றிக் கடிகாரத்தை நிறுத்துவது எல்லா சப்போர்ட் டீமுக்கும் தெரிந்த வித்தை. மாத ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கும், யூசர் கொதித்துக்கொண்டிருப்பார். அபராதம் கடுமையாக ஆக ஆக வித்தையும் கூடும். எது பி1 (மிக அவசரம்), எது பி2 (அதற்கு அடுத்தது) என்ற வாதத்திலேயே இரவுகள் போகும்.

இன்னொன்று, நீண்ட ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போட்டவர்கள் கடைசிவரை இருக்கமாட்டார்கள். 2002 டிசம்பரில் ஜேபிமார்கன் சேஸ் வங்கி ஐபிஎம்மோடு ஏழு வருடத்துக்கு 500 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஏறக்குறைய 4,000 ஊழியர்கள் ஐபிஎம்முக்கு மாறுவதாக ஏற்பாடு. 2004-இல் வங்கி பேங்க் ஒன் என்ற இன்னொரு வங்கியோடு இணைந்தது. ஐடியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை உடையவர்கள் அங்கிருந்து தலைமைக்கு வந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஒப்பந்தம் ரத்து. சர்வீஸ் எப்படி இருந்தது என்பதைவிட, நாற்காலியில் யார் இருந்தார் என்பதுதான் முடிவு செய்தது. அதனால் முடித்துக்கொள்ளும் ஷரத்தை எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் முதல் மாதத்திலேயே எழுதிவிட வேண்டும்: எத்தனை மாத நோட்டீஸ், கைமாற்றும் வேலைக்கு யார் பணம் தருவது, நாம் எடுத்த ஆட்களை அவர்கள் எடுத்துக்கொள்ளலாமா.

நான் எதை எடுப்பேன்

வாடிக்கையாளர் புதியவர், வேலை முழுதாகப் புரியவில்லை என்றால், முதல் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு டி அண்ட் எம்மில் ஆய்வு மட்டும் செய்வேன். இலவசமாகச் செய்து தருகிறோம் என்று சேல்ஸ் சொன்னால் தடுப்பேன். காசு கொடுக்காத ஆய்வுக்கு அவர்களுடைய நல்ல ஆட்களை அனுப்பமாட்டார்கள். அந்த வாரங்களில் நமக்குக் கிடைப்பது டாக்குமென்ட் மட்டும் இல்லை, அங்கே யார் முடிவெடுக்கிறார், யார் தடுக்கிறார், எது உடைந்தால் யார் தூக்கம் போகும் என்ற வரைபடம். அதன்பின் தெளிவாக இருக்கும் பகுதிகளை மூன்று மாதத்துக்கு மேல் போகாத ஃபிக்ஸட் பிரைஸ் துண்டுகளாக எடுப்பேன். மாறிக்கொண்டே இருக்கும் பகுதியை, மாதாந்திர உச்சவரம்போடு டி அண்ட் எம்மில் வைப்பேன்; உச்சவரம்பு இருந்தால் அவர்கள் ஃபைனான்ஸும் அமைதியாக இருக்கும். நாமே கட்டிய சிஸ்டத்தை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மேனேஜ்டு சர்வீஸ். அதிலும் முதல் மூன்று மாதம் எஸ்எல்ஏவை அளப்போம், அபராதம் கிடையாது.

சட்டப் பக்கம் ஒன்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளரோடு சச்சரவு வந்தால் நம் ஊர் நீதிமன்றத் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது கஷ்டம். 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருப்பதால், நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதனால் ஆர்பிட்ரேஷன் ஷரத்தையும் அது எந்த ஊரில் என்பதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்னால் நான் வைக்கும் கடைசி நிபந்தனை, நம் டெலிவரி மேனேஜரும் நாளைக்கு அந்தப் பக்கத்தில் இதை நடத்தப்போகிறவரும் சேல்ஸ், புரொக்யூர்மென்ட், வக்கீல் யாரும் இல்லாமல் அரை நாள் பேச வேண்டும். எஸ்ஓடபிள்யூவை வரிவரியாக, இதற்கு நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று. புரொக்யூர்மென்ட் சில சமயம் மறுக்கும், விலை நிலவரம் கசிந்துவிடும் என்று காரணம் சொல்லும். விலையைப் பேசமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் மறுத்தால் ஃபிக்ஸட் பிரைஸையும் மேனேஜ்டு சர்வீஸையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, டி அண்ட் எம் மட்டும் தருகிறோம், ஒரு மாத நோட்டீஸில் இரண்டு பக்கமும் விலகலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒத்துவராத வாடிக்கையாளரை, பெஞ்சில் எத்தனை பேர் இருந்தாலும், விட்டுவிடலாம்.